நாலாவது வரி

உப்பு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாராள் அடுத்ததாகப் பெருங்காய டப்பாவை எடுக்கிறாள். பழைய சீட்டை நகத்தால் சுரண்டுவதற்கு முன் அதை ஒருமுறை படித்துப் பார்க்கிறாள், எழுதியது அவளேதான் என்றாலும். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு புதுச் சீட்டில் நாலு வரி எழுதுகிறாள். முதல் வரி, பெயர். இரண்டாவது, எங்கிருந்து வந்தது. மூன்றாவது, தேதி. நாலாவது, பார்த்தவர் கையெழுத்து. அந்த இடத்தில் ‘சா’ என்று போட்டு அடியில் ஒரு கோடு இழுக்கிறாள். ஆரம்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறை வீட்டில், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கிற வேலை இது. சர்ச்சுக்குக் கட்டிப்போன சேலையைக்கூட மாற்றியிருக்க மாட்டாள்.

“உப்பு இன்னான்னு நக்கிப் பாத்தா தெரியாதா?” என்பான் அவள் கணவன் பென்னி.

“நக்கிப் பாத்து தெரிஞ்சிக்கிறது மாடு.”

“என் முதுகுலயும் ஒண்ணு ஒட்டிடேன். பேரு பென்னி, ஊரு எளாவூரு...”

“தேதி முடிஞ்சி போச்சி,” என்பாள் சாராள், தலையைத் தூக்காமல்.

பினாயில் பாட்டிலிலிருந்து தேங்காய் எண்ணெய்வரை அந்த வீட்டில் பெயர் இல்லாத பொருள் கிடையாது. மீதமாகி ஃபிரிட்ஜில் வைக்கும் ரசத்துக்கும் சீட்டு உண்டு. விருந்தாளிகள் முதலில் சிரிப்பார்கள். இரண்டாம் நாள் அவர்களே தேதியைப் பார்த்துவிட்டுத்தான் ரசத்தை ஊற்றிக்கொள்வார்கள்.

இந்தப் பழக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து வந்தது. பழைய அலுமினியத்தை உருக்கிக் கட்டிகளாக வார்க்கும் கம்பெனி ஒன்றில் சாராளுக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். கூட்டிப் பெருக்கச் சேர்ந்தவள், பிறகு சரக்கைப் பிரிக்கும் வேலைக்கு வந்து, இப்போது ஆறு வருடமாக கேட்டில் நிற்கிறாள். கையில் துப்பாக்கி. முடி காயவைக்கும் கருவியைப் போல இருக்கும் அதைச் சரக்கின் மேல் வைத்து விசையை அழுத்தினால், உள்ளே எந்த உலோகம் எவ்வளவு என்று சின்னத் திரையில் வந்துவிடும். சாராள் எட்டாவதோடு நின்றவள். இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதச் சொன்னால் முழிப்பாள். ஆனால் ஏ-எல் என்றால் அலுமினியம், சி-யு என்றால் செம்பு, பி-பி என்றால் ஈயம், ஹெச்-ஜி என்றால் பாதரசம் என்பது அவளுக்குத் தன் வீட்டு ஆட்கள் பெயர்போல.

ஹெச்-ஜி வந்தால் லாரி அப்படியே திரும்ப வேண்டியதுதான். பழைய சுவிட்சு, உடைந்த குழல்விளக்கு என்று எதோடாவது கலந்து வரும் பாதரசம் அலுமினியத்தைக் கரையான்போல அரித்துவிடும். உலையில் விழுந்தால் ஆவியாகி நிற்பவர்கள் நெஞ்சுக்குள் போகும். ராத்திரி முழுக்க ஓட்டிவந்த டிரைவர்கள் கெஞ்சுவார்கள்.

“யக்கா, கொஞ்சம் பாத்து சொல்லுக்கா.”

“பாத்துதான் சொல்றன். திருப்பு வண்டிய.”

கேட்டில் இன்னொரு வழக்கம் உண்டு. ஷிப்டு தொடங்கும்முன் எல்லோரும் மோதிரம், செயின், கம்மல் எல்லாவற்றையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்துக்கொள்வார்கள். சரக்குப் பிரிக்கும் முனுசாமிக்கு நடந்ததற்குப் பிறகு வந்த வழக்கம் அது. உடைந்த பழைய சுவிட்சிலிருந்து உருண்டு வந்த வெள்ளி மணிகளை அவன் ஆசையாக உள்ளங்கையில் ஓடவிட்டுப் பார்த்தான். சாயங்காலம் அவன் கல்யாண மோதிரம் ஈயம்போல வெளுத்துவிட்டது. தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும் பாதரசத்தைக் கழுவி விரட்ட முடியாது என்று ஆபீசில் சொன்னார்கள். முனுசாமியின் மனைவி ஒரு மாதம் அவனோடு பேசவில்லை, மோதிரத்தை விற்றுவிட்டுக் கவரிங் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்று.

சாராள் நல்ல கறுப்பு. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அவளே முந்திக்கொள்வாள். “கல்யாணத்துக்கு முன்ன எட்டு வருஷம் நானும் கலராவுற க்ரீம் ட்யூபு தடவுனவதான். ட்யூபுதான் வெள்ளையா இருந்துச்சி.”

அண்ணன் வசந்தகுமாரின் மகள் சுகிர்தா ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்து இந்த வீட்டில் தங்கி இரண்டு வருடமாகிறது. இருபத்திரண்டு வயது. சிப்காட்டிலேயே ஒயர் கட்டும் கம்பெனியில் லைனில் வேலை. அந்தக் கம்பெனியைப் பார்வையிட வெளியூர் ஆட்கள் வரும் நாளில் வாசலில் பூங்கொத்தோடு நிற்க நாலு பெண்களைப் பொறுக்குவார்கள். அன்றைக்குப் புது யூனிபாரம், லைன் வேலை கிடையாது, மதியம் பிரியாணி. இரண்டு தடவை சுகிர்தாவைக் கூப்பிட்டு, ஏற இறங்கப் பார்த்து, “நீ லைன்லயே இரும்மா” என்று திருப்பி அனுப்பினார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. நின்ற நாலு பேரையும் பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

ரயிலில் சுமலதாவிடம் அவள் டப்பா வாங்கியது இரண்டாவது தடவைக்கு மறுநாள். சுமலதா தடா பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஆரம்பாக்கம் வந்தவள். காலை ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறிப் பையைத் திறந்தாளென்றால் கும்மிடிப்பூண்டி வருவதற்குள் நைட்டி, கிளிப்பு, பவுடர், வளையல் எல்லாம் கைமாறிவிடும். கொஞ்ச நாளாக அவளிடம் வேகமாக ஓடியது ஒரு வெள்ளை டப்பா. மூடியும் வெள்ளை, உள்ளே க்ரீமும் வெள்ளை. மேலே ஒரு எழுத்து கிடையாது. “வெளிநாட்டு சரக்கு. கிலோ கணக்குல வருது, நான் பிரிச்சி போட்டுத் தரன். மூணு வாரம் தடவு, அப்பால வந்து பேசு,” என்பாள்.

மூன்று வாரத்தில் சுகிர்தாவின் முகம் உரித்த நுங்குபோல ஆனது. பென்னி அவள் குளித்துவிட்டு வரும்போதெல்லாம் கண்ணைக் கையால் மறைத்துக்கொள்வான். “இன்னாமா, ட்யூப்லைட்டு மாட்டிக்கினியா?” சுகிர்தாவுக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது. மூன்றாவது தடவை பூங்கொத்து கொடுக்க அவளைப் பொறுக்கினார்கள். போட்டோவை எல்லோரிடமும் காட்டினாள். சாராளும் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது.

ஆனால் சாராள் முகத்தை மட்டும் பார்க்கிறவள் அல்ல. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது சுகிர்தாவின் பாதத்தில் வார் பதிந்த தடம் சோறு ஆகும்வரை மறையாமல் இருந்தது. காலையில் எழுந்தால் கண் இமை உப்பியிருந்தது.

“நின்னுக்கினே வேல அத்த. எல்லாருக்கும்தான் வீங்குது,” என்றாள் சுகிர்தா.

கக்கூஸ் கழுவும்போது இன்னொன்றையும் சாராள் கவனித்தாள். தண்ணீர் ஊற்றியும் நுரை நுரையாக நின்றது.

“சோப்புத் தண்ணி ஊத்துனியாடி?”

“இல்லியே.”

சாராள் அதை மனதில் ஒரு மூலையில் வைத்தாள். எதோடு சேர்ப்பது என்று தெரியவில்லை.

தெரிந்தது ஒரு வியாழக்கிழமை காலையில். சாராள் நாஷ்டாவுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கதவு வழியே கண்ணாடி முன் நிற்கும் சுகிர்தா தெரிந்தாள். செயினைக் கழற்றினாள். கம்மலைக் கழற்றினாள். இரண்டையும் கைக்குட்டையில் வைத்து முடிச்சுப் போட்டாள். பிறகுதான் டப்பாவைத் திறந்தாள்.

சாராளின் கரண்டி தோசைக்கு மேலேயே நின்றது. பல வருடமாகத் தினமும் காலையில் கம்பெனி கேட்டில் அவள் செய்கிற காரியம் அது. வீட்டுக்குள், ஒரு கண்ணாடி முன்னால், அது எப்படி வந்தது?

“ஏன்டி கழட்டுற?”

“சுமலதாக்கா சொல்லிச்சி அத்த. தங்கத்து மேல பட்டா தங்கம் கெட்டுப்பூடுமாம். அவ்ளோ பவரு.”

“தங்கத்தையே கெடுக்குறது உன் மூஞ்ச இன்னா பண்ணும்?”

“மூஞ்சி இன்னா தங்கமா?” என்று சிரித்தாள் சுகிர்தா, விரலால் கன்னத்தில் புள்ளி வைத்துக்கொண்டே.

“அந்த டப்பாவ குடு. நாளைக்கித் தரன்.”

“கேட்ல லாரிய நிறுத்துற மாதிரி என்ன நிறுத்தாதீங்க அத்த!”

தோசை கருகியது. சுகிர்தா பக்கெட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குத் தண்ணீருக்குப் போன நேரத்தில் சாராள் ஸ்பூன் காம்பால் ஒரு வழிப்பு எடுத்து ஜிப் கவரில் போட்டாள். பழக்கம் விடுமா, அதற்கும் சீட்டு ஒட்டினாள். பெயர், தெரியாது. எங்கிருந்து, சுமலதா. தேதி எழுதினாள். நாலாவது வரிக்கு வந்ததும் பேனா நின்றது. அவள் வாழ்க்கையில் அந்த வரியைக் காலியாக விட்டது அதுதான் முதல் தடவை.

கம்பெனியில் துப்பாக்கிக்குப் பொறுப்பு லேபில் இருக்கும் அன்புசெல்வன். சாராளை அக்கா என்றுதான் கூப்பிடுவான், ஆனால் ரூலில் கறார்.

“மூஞ்சிக்குப் போடுறதெல்லாம் இதுல சுட முடியாதுக்கா. சரக்கு மட்டுந்தான்.”

“இதுவும் சரக்குதான் சார். எங்கூட்டு கேட்டுக்குள்ள வந்துருக்கு.”

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கவரை ஸ்டாண்டில் வைத்து மூடினான். விசையை அழுத்தியது சாராள்தான். எண்கள் ஓடின, நின்றன. மேலே, முதல் வரியிலேயே, ஹெச்-ஜி.

அந்த இரண்டு எழுத்தை அவள் எத்தனையோ லாரியில் பார்த்திருக்கிறாள். லாரி என்றால் திருப்பச் சொல்லிவிடலாம்.

அன்புசெல்வன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “பத்து லட்சத்துல ஒரு பங்குக்கு மேல இருந்தாலே தப்புக்கா. இதுல நூத்துக்கு ஒண்ணரை இருக்கு. மெஷின் சொல்றது சர்டிபிகேட் இல்ல, அடையாளந்தான். ஆனா இவ்ளோ காட்டுறப்ப சந்தேகப்பட ஒண்ணுமில்ல.”

“வெள்ளையா எப்படி சார் ஆவுறாங்க?”

“தோல்ல கறுப்பு உண்டாவுற வேலைய பாதரசம் தடுத்துரும். அதான் பளிச்சுனு ஆவுது. ஆனா அது தோல்லயே நிக்காதுக்கா. ரத்தத்துல கலந்து கிட்னிக்குப் போவும். இத தடவுறவங்களுக்குக் கால் வீங்குதா, ஒண்ணுக்கு நுரைக்குதா?”

சாராள் தலையை ஆட்டினாள். வார் தடமும் நுரையும் இமையும் ஒரே சீட்டில் வந்து உட்கார்ந்தன.

“மொதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இன்னொண்ணு. துப்பாக்கில ஒண்ணும் வரலன்னா நல்ல க்ரீமுன்னு நினைச்சுக்காதீங்க. இதுக்கு உலோகம் மட்டுந்தான் தெரியும். ஸ்டீராய்டு மருந்து கலந்து விக்கிறானுங்க, அத இது பாக்காது.”

“அது பேரு இன்னா? எழுதிக் குடு சார்.”

ஒரு தாளில் ஏழெட்டுப் பெயர் எழுதிக் கொடுத்தான். ஹெச்-ஜியைப் படித்த மாதிரியே அதையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள், ஷேர் ஆட்டோவில், பிளாட்பாரத்தில், ரயிலில்.

டப்பாவைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்திருக்கலாம். பென்னியும் அதைத்தான் சொன்னான். “எறிஞ்சா நாளைக்கி ரயில்ல இன்னொண்ணு வாங்குவா,” என்றாள் சாராள். அவள் செய்தது வேறு. டப்பாவில் ஒரு சீட்டு ஒட்டினாள். பெயர், பாதரசம் கலந்த க்ரீம். எங்கிருந்து, தெரியாது. தேதி. நாலாவது வரியில் பெரிதாக ‘சா’. கண்ணாடிக்குக் கீழே பலகையில் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள், சீட்டு முன்பக்கம் தெரிகிற மாதிரி.

சுகிர்தா அன்று சாயங்காலம் அதைப் பார்த்துவிட்டு ஆடிய ஆட்டத்தைப் பக்கத்து வீட்டிலும் கேட்டிருப்பார்கள்.

“பொறாம! எட்டு வருஷம் தடவியும் உங்களுக்கு ஆவல, எனக்கு ஆயிடிச்சி. அதான!”

அந்த வார்த்தை சாராளுக்கு வலித்தது. வலித்ததைக் காட்டாமல் தட்டில் சோறு போட்டாள். “மெஷின்ல பாத்தன். நானே சுட்டன். தடவுறதுன்னா தடவு. தெரிஞ்சி தடவு,” என்றாள். பிறகு கறிக்குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் காலையில் அடுப்படியிலிருந்தே பார்த்தாள். சுகிர்தா செயினைக் கழற்றினாள். டப்பாவைக் கையில் எடுத்தாள். சீட்டை வாசிக்க வேண்டியதில்லை, ராத்திரியே மனப்பாடம் ஆகியிருக்கும். மூடியைத் திறந்தாள். விரல் உள்ளே போகவில்லை. மூடினாள். கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்துச் செயினை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டு, “அத்த, இன்னிக்கி லீவு போடறன். எந்த ஆஸ்பத்திரி?” என்றாள்.

டாக்டர் சீட்டோடு இருந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்படிக் கால் வீங்கி வருகிற பெண்களிடம் என்ன தடவுகிறாய் என்று கேட்டால், ஒன்றுமில்லை, பவுடர்தான் என்பார்களாம். டப்பாவையே கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான் என்றார். சிறுநீர் டெஸ்டில் புரதம் மூன்று பிளஸ், கிட்னி நன்றாகவே கசிகிறது என்று அர்த்தம். “இன்னும் ஆறு மாசம் போட்டிருந்தா கதை வேற. யார் கண்டுபிடிச்சது?”

“நான்தான் சார். கேட்ல இருக்கன்,” என்றாள் சாராள்.

க்ரீம் நின்றது. மாத்திரை, உப்புக் குறைத்த சாப்பாடு, மாதம் ஒரு டெஸ்ட். சுகிர்தா முகம் துடைத்த துண்டு, தலையணை உறை எல்லாவற்றையும் சாராள் கவரில் போட்டு இறுகக் கட்டினாள். ஒரே துண்டில் முகம் துடைத்துக்கொண்டிருந்த பென்னி அன்றோடு கேலியை நிறுத்திவிட்டு அவனும் ஒரு டெஸ்ட் கொடுத்துவிட்டு வந்தான். அவனுக்கு ஒன்றுமில்லை. டப்பாவும் துணியும் குப்பைத்தொட்டிக்குப் போகவில்லை. அன்புசெல்வனிடம் சொல்லி, கம்பெனியில் விஷக் கழிவுக்கென்று இருக்கும் டிரம்முக்குப் போயின.

அதற்கு முன்னால் அந்த டப்பா ஒருநாள் ரயிலில் போனது. திங்கட்கிழமை. பெண்கள் பெட்டியில் இடித்துக்கொண்டு நிற்கும் கூட்டம். சுமலதா பையைத் திறந்து ஒரு வெள்ளை டப்பாவை உயர்த்திப் பிடித்திருந்தாள். சாராள் அவள் எதிரில் போய் நின்று, சீட்டுத் தாளையும் பேனாவையும் எடுத்தாள். குரல் உயரவில்லை. கேட்டில் டிரைவரிடம் கேட்கும் அதே குரல்.

“பேரு சொல்லு.”

“இன்னாக்கா புதுசா கேக்குற? பியூட்டி க்ரீமு.”

“அது வேல. நான் பேரு கேட்டன்.”

சுமலதா சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

“எங்கேர்ந்து வருது?”

“மெட்ராஸ்லேந்து ஒரு ஆளு கொண்ணாறாரு.”

“அவருக்கு எங்கேர்ந்து?”

“அதெல்லாம் யாரு கேட்டா? டப்பு குடுத்தா சரக்கு வருது.”

“என்னிக்கி செஞ்சது? இன்னா போட்டு செஞ்சது?”

ரயில் எளாவூரில் நின்று கிளம்பியது. ஏறியவர்களும் பேச்சைக் கேட்டு அங்கேயே நின்றார்கள். சாராள் ஜிப் கவருக்குள் இருந்த டப்பாவைத் தூக்கிக் காட்டினாள்.

“இது எங்கண்ணன் பொண்ணுது. எங்க கம்பெனி மெஷின்ல சுட்டன். பாதரசம். அவளுக்கு கிட்னில புரதம் போவுது, ஆஸ்பத்திரி சீட்டு இதோ. இவ தங்கத்த ஏன் கழட்டச் சொன்னான்னு ஒருத்தியாவது கேட்டீங்களா? முனுசாமி மோதிரம் வெளுத்த கத உங்க எல்லாருக்கும் தெரியும்.”

பெட்டியில் சிப்காட்டுக்குப் போகாதவர்கள் குறைவு. முனுசாமியின் மோதிரம் எல்லோருக்கும் தெரியும். இத்தனை நாள் அது ஒரு சிரிப்புக் கதையாக இருந்தது.

முதலில் கை நீட்டியது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ரம்யா, பேட்டரி கம்பெனிக்குப் போகிற பெண். கைப்பையிலிருந்து தன் வெள்ளை டப்பாவை எடுத்து சாராள் நீட்டிய கவரில் போட்டாள். அடுத்து அருணா. அப்புறம் பேர் தெரியாத மூன்று பேர். கும்மிடிப்பூண்டி பிளாட்பாரம் வருவதற்குள் கவரில் பதினோரு டப்பா. “என் மூஞ்ச சுட்டுப் பாருக்கா,” என்று ஒருத்தி கன்னத்தைக் காட்டினாள். “ஆள் மேல காட்டக்கூடாதுடி, டாக்டர்கிட்ட காட்டு,” என்றாள் சாராள்.

சுமலதாவுக்கு அழுகை வந்துவிட்டது. “நான் இன்னா கலந்தனா? வந்தத வித்தேன். நானும்தான் தடவுறன், பாரு, என் மூஞ்சப் பாரு!”

சாராள் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. கீழே, சேலைக் கரைக்குக் கீழே, கொலுசு சதைக்குள் புதைந்திருந்தது.

“அப்ப நீயும் வா. உனக்கும் டெஸ்ட் எடுக்கணும்,” என்றாள்.

சண்டைக்கு இடுப்பில் சொருகிய முந்தானையை சுமலதா மெல்ல உருவி விட்டுக்கொண்டாள். அந்த வாரமே ஆஸ்பத்திரி பெஞ்சில் சுகிர்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பிளஸ். டப்பா கொண்டுவருகிற ஆளின் போன் எண்ணை டாக்டரிடம் கொடுத்தாள். அவர் யாரிடமோ சொன்னார். அதற்குப் பிறகு அந்த ஆள் போனை எடுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துச் சுகிர்தாவின் டெஸ்ட் சீட்டில் ‘நில்’ என்று வந்தது, புரதம் துளியும் இல்லை. சாராள் அந்தச் சீட்டை ஃபிரிட்ஜ் கதவில், ரசத்தின் தேதிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். சுகிர்தாவின் பழைய நிறம் அதற்கு முன்பே திரும்பிவிட்டது.

“பழைய கலரே வந்துடிச்சி பாருங்க அத்த,” என்று கண்ணாடி முன்னால் சொன்னாள், பாதி சலிப்பாக.

“உன்னுதுதான வந்துச்சி? வேற யாருதாவதா வந்துச்சி?”

அடுத்த விசிட்டில் பூங்கொத்து கொடுக்கக் கூப்பிட்டார்களா என்றால், இல்லை. சுகிர்தா லைனில்தான் நின்றாள். கால் வீங்காமல் நின்றாள். ஆனால் ஒயர் உறை டப்பாவில் தேதி இல்லையென்று சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு ஒரு பெட்டிச் சரக்கைத் திருப்பி அனுப்பினாளாம். சாராள் இதைச் சொல்லும்போது குரலில் எதுவும் காட்ட மாட்டாள். ஆனால் எல்லோரிடமும் சொல்வாள்.

இப்போது முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் இன்னொரு வேலையும் நடக்கிறது. சுமலதா பையோடு வந்துவிடுகிறாள். சாராள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாயில் உட்கார, சுமலதா தன் சரக்கை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறாள். இடது பக்கம் போனால் ரயில் ஏறலாம். வலது பக்கம் போனால் வாங்கின கடைக்கே திரும்ப வேண்டும். பெண்கள் பெட்டியில் இப்போது முதல் கேள்வியே, “சாராக்கா பாத்தாச்சா?” என்பதுதானாம்.

போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். சுகிர்தா வாசலருகே கழுத்துச் செயினைப் பல்லில் கடித்துக்கொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கழுவின டப்பாக்கள் ஜன்னலோரம் கவிழ்ந்திருந்தன.

“இதுல கம்பெனி பேரு, லைசென்ஸ் நம்பரு, தேதி, எல்லாம் கீது. இன்னா போட்டுருக்குன்னும் வரிசையா போட்டுருக்கான்,” என்றாள் சாராள் ஒரு ட்யூபைத் தூரப் பிடித்து. “நியாசினமைடு, அது வைட்டமின்தான். சரி, இருக்கட்டும்.”

“கலரா ஆவுமாக்கா?”

“மூஞ்சி கொஞ்சம் தெளிவா இருக்கும். வெயில்ல போறவ வெயில் க்ரீம் தடவலன்னா அதுவும் வேஸ்டு. அப்படியே சொல்லி வித்துக்கோ.”

அடுத்தது ஒரு அட்டைப்பெட்டி. ஏழே நாளில் என்று தங்க எழுத்து. “ஏழு நாள்ல சரியாவுறது ஜொரந்தான்,” என்று வலது பக்கம் தள்ளினாள். சுகிர்தா சிரித்தாள். சுமலதாவும் சிரித்துவிட்டு, பையின் அடியிலிருந்து கடைசியாக ஒன்றை எடுத்தாள். சின்ன ட்யூப். எடுத்த விதத்திலேயே தயக்கம் தெரிந்தது.

“இதுல பேரு, தேதி எல்லாம் பக்காவா இருக்குக்கா. மருந்துக் கடையிலேந்தே வாங்குனது. பாதரசமும் இல்ல. நீயே வேணா துப்பாக்கில சுட்டுப் பாரு!”

“துப்பாக்கிக்கு இது தெரியாது,” என்றாள் சாராள். “எனக்குத் தெரியும்.”

ட்யூபின் மேலிருந்து கீழ்வரை ஓடும் சிவப்புக் கோட்டை விரல் நகத்தால் தடவினாள். “இந்தக் கோடு இன்னா சொல்லுது? டாக்டரு சீட்டு இல்லாம கைய வைக்காதன்னு சொல்லுது.” பிறகு எழுத்துக் கூட்டினாள், ரயிலில் மனப்பாடம் செய்த அதே ராகத்தில். “க்ளோ... பெ... டா... சால். ஸ்டீராய்டு. சொறிக்கு டாக்டரு நாலு நாளு குடுக்குறது. மூஞ்சில மாசக்கணக்கா தடவுனா மொதல்ல பளபளக்கும். அப்பால தோலு பேப்பரு மாதிரி ஆயிடும். மூஞ்செல்லாம் பரு, பொம்பள கன்னத்துல முடி. உட்டா எரியும்னு மறுபடி இதையே தடவுவா.”

“தெரியும்க்கா, எரியுதுன்னுதான் திரும்ப வந்து வாங்குறாங்க,” என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல சுமலதா நிறுத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “இது ஒண்ணுதான்க்கா இப்ப ஓடுது. இத மட்டும் உட்டுடேன்.”

சாராள் சண்டை போடவில்லை. சீட்டுத் தாளிலிருந்து ஒன்றை உரித்து ட்யூபின் மேல் ஒட்டினாள். பெயர் எழுதினாள், முழுசாக, எழுத்துப் பிசகாமல். எங்கிருந்து, எழுதினாள். தேதி எழுதினாள். நாலாவது வரிக்கு வந்ததும் பேனாவைத் திருப்பி, காம்புப் பக்கமாக, சுமலதாவிடம் நீட்டினாள்.

சுமலதா பேனாவை வாங்கிவிட்டாள். வாங்கிய பிறகுதான் காலி வரியைப் பார்த்தாள்.

“நானா? நான் கையெழுத்துப் போட்டா... நாளைக்கி யாருக்கனா ஒண்ணு ஆச்சின்னா, யாருக்கா பதில் சொல்றது?”

சுகிர்தாவின் கத்தி பீன்ஸில் நின்றது.

சாராள் பேனாவைத் திரும்பக் கேட்காமல் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். ஜன்னலோரம் காய்ந்திருந்த உப்பு டப்பாவையும் பெருங்காய டப்பாவையும் இடுப்போடு அணைத்து எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.